விடுபட்ட கருப்பொருள்: குணா குகையும் பாதரசமும்

கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் டாக்ஸிக்காரர்கள் ஒரு பட்டியலை ஒப்பிப்பார்கள். 'ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பார்க், தூண் பாறை, பைன் காடு, குணா குகை... அரை நாள்ல முடிச்சிரலாம் சார்.' ஒரு மலையை அரை நாளில் 'முடிப்பது' எப்படி என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். பெயர்களை மட்டும் பார்ப்போம். கோக்கர் ஒரு ராணுவ லெப்டினென்ட். மலைவிளிம்பில் அந்த நடைபாதை 1872ல் அவரால் போடப்பட்டது. பிரையண்ட் வனத்துறை அதிகாரி. அவருடைய பூங்கா 1908ஆம் ஆண்டுத் திட்டம். ஏரி ஏதோ ஆதியிலிருந்தே இருந்ததல்ல; மதுரை கலெக்டராக இருந்த லெவின்ஜ் 1863ல் ஓடையை மறித்து உண்டாக்கியது. தூண் பாறை 'பில்லர் ராக்'கின் மொழிபெயர்ப்பு. பைன் காடு காடே அல்ல; நட்டு வளர்த்த தோப்பு. பட்டியலில் நம்முடையது என்று சொல்லத்தக்க பெயர் ஒன்றே ஒன்றுதான். அதுவும் 1991 தீபாவளிக்கு வந்த ஒரு சினிமாவின் பெயர்.

மலைக்குப் பழைய பெயர்கள் இல்லாமல் இல்லை. சங்கப் பிரதிகளில் இது கோடைமலை. கடியநெடுவேட்டுவன் என்றொரு தலைவன் இங்கே இருந்திருக்கிறான்; பரிசில் தாமதமானதால் மனம் கசந்த பெருந்தலைச் சாத்தனார் அவனைப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. கீழே பொதினி, பிற்காலத்துப் பழனி. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் ஊர். பளியர்களும் புலையர்களும் இந்த மலைத்தொடர் நெடுக இருக்கிறார்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், வில்பட்டி என்று விவசாயக் கிராமங்கள் இருக்கின்றன. 1821ல் வார்டு என்ற அதிகாரி சர்வே எடுக்க வந்தார். 1845ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இரண்டு வீடு கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உயிர் பிழைக்க மேலே ஏறினார்கள். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு மலை 'கண்டுபிடிக்கப்பட்டது' ஆகிவிட்டது. ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது காலனியத்தின் பழைய வித்தை. அதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கட்டம். வெள்ளைக்காரன் போன பிறகு பெயர் வைக்கும் அதிகாரம் யார் கைக்கு வந்தது? வந்தவர்களாவது அங்கே ஆள் இருப்பதைப் பார்த்தார்களா?

(அரசாங்கமும் இதை ஆளில்லாத இடமாகத்தான் நினைத்தது போலும். 1965ல் கைதான ஷேக் அப்துல்லாவை இத்தனை தூரம் கொண்டுவந்து வைத்தது இந்த மலையில்தான். ஒரு மலைநாட்டுத் தலைவனுக்கு இன்னொரு மலையே சிறை. அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.)

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இதைத் திணையை வைத்து யோசிக்கத்தான் வருகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மனத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். இரண்டுக்கும் நடுவில் கருப்பொருள். நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்து போவது இந்த நடுவில் உள்ளதைத்தான். தொல்காப்பியர் அதில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ் என்று எட்டைப் பெயர் சொல்லிவிட்டு, இன்ன பிறவும் என்று கதவைத் திறந்து வைக்கிறார். இங்கே 'செய்தி' என்றால் நியூஸ் இல்லை; அந்த நிலத்து மக்கள் செய்கிற தொழில். குறிஞ்சிக்குத் தேன் எடுப்பதும், கிழங்கு அகழ்வதும், தினைப்புனம் காப்பதும். பிற்காலத்து நம்பியகப்பொருள் பட்டியலைப் பதினான்காக நீட்டுகிறது. அதில் ஊர் வருகிறது, நீர் வருகிறது, தொழில் வருகிறது. சங்கக் கவிதையில் தலைவனும் தலைவியும் சும்மா சந்திப்பதில்லை. அவள் கிளி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை முடிந்து தினை அறுவடையாகிவிட்டால் சந்திக்க வழியில்லாமல் போகும் என்ற கவலையில்தான் பாட்டே நிற்கிறது. குறிஞ்சியின் காதல் உழைப்பின் நாட்காட்டிக்குள் நடக்கிற காதல்.

நவீன சுற்றுலாவும், அதன் உடன்பிறப்பான சினிமாவும் செய்ததென்ன? முதற்பொருளை எடுத்துக்கொண்டன: மலை, பனி, குளிர். உரிப்பொருளை எடுத்துக்கொண்டன: தேனிலவு. நடுவில் இருந்ததை வெட்டிவிட்டன. ரொலான் பார்த் 1957ல் வெளிவந்த தன்னுடைய 'தொன்மங்கள்' நூலில் பிரெஞ்சுச் சுற்றுலாக் கையேடு ஒன்றை எடுத்துக்கொண்டு இதே விஷயத்தைப் பேசியிருப்பார். அந்தக் கையேட்டுக்கு மலையும் பள்ளத்தாக்கும் அருவியும் இருந்தால்தான் நிலம். மனிதர்கள் அதில் ஒன்று காணாமல் போவார்கள், இல்லாவிட்டால் 'இந்த ஊர்க்காரர்கள் இப்படிப்பட்டவர்கள்' என்ற வகைமாதிரியாகச் சுருங்குவார்கள். வரலாற்றை இயற்கை போலக் காட்டுவதுதான் தொன்மத்தின் வேலை என்பார் அவர். லெவின்ஜ் மறித்த ஓடை நமக்கு இயற்கை ஏரியாகத் தெரிகிறது, வனத்துறை நட்ட பைன் நமக்குக் காடாகத் தெரிகிறது என்றால் தொன்மம் நன்றாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம். பைனும் வேட்டிலும் யூகலிப்டஸும் புல்வெளியை விழுங்கியதால் மலையின் நீர்ப்பிடிப்பு என்ன ஆயிற்று என்று சூழலியல்காரர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நாமோ அந்தத் தோப்புக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

இனி 'குணா'. சந்தானபாரதி இயக்கம், சாப் ஜான் திரைக்கதை, பாலகுமாரன் வசனம், வேணுவின் ஒளிப்பதிவு, இளையராஜா இசை. 'தளபதி'யோடு ஒரே நாளில் வந்து, வசூலில் அதனிடம் தோற்று, பிறகு தொலைக்காட்சியிலும் கேசட்டிலும் மெல்ல மெல்லப் பெருகிய படம். நான் பார்த்ததும் தொலைக்காட்சியில்தான். பாலியல் தொழில் நடக்கும் வீட்டில் வளர்ந்தவன், மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்டவன், அபிராமி என்ற தெய்வப் பெண் தன்னை மீட்பாள் என்று நம்புகிறவன். கோயில் கொள்ளைக்கு நடுவில் ஒரு பணக்காரப் பெண்ணை அபிராமியாகக் கண்டு, கடத்திக்கொண்டு மலைக்குப் போகிறான். தமிழ் வெகுசன சினிமா ஒரு விளிம்புநிலை மனத்தை இந்த அளவு உள்ளே போய்ப் பார்த்தது அபூர்வம். அதை மறுக்க முடியாது. கடத்தலைக் காதலாக உருமாற்றும் ஆண் கற்பனை என்ற பெண்ணிய விமர்சனத்தையும் மறுக்க முடியாது. இரண்டும் சேர்ந்ததுதான் படம்.

அந்தக் குகைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாலி எழுதி, கமல்ஹாசனும் ஜானகியும் பாடியது. அவன் சொல்லச் சொல்ல அவள் கடிதமாக எழுதுகிறாள். பேச்சு பேச்சாகவே இருக்கிறது, அவள் வாயில் அது பாட்டாகிறது. எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையில் இருக்கும் அதிகாரத்தை இவ்வளவு எளிமையாகத் தொட்ட வேறொரு சினிமாப் பாட்டை எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. எழுதத் தெரியாதவனின் சொல்தான் இங்கே மூலப்பிரதி. படித்தவள் வெறும் எழுத்தர். ஆனால் இது எங்கே நடக்கிறது? போலீஸும் மருத்துவமும் குடும்பமும் எட்டாத இடத்தில் நடக்க வேண்டும். பைத்தியத்தை ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கத்தைப் பற்றி பூக்கோ எழுதியது நினைவுக்கு வரும். சமூகத்துக்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்றதும் கேமரா பழனிமலைக்கு ஏறிவிடுகிறது. அங்கேயும் ஒரு சமூகம் இருக்கிறது என்பது கதைக்குத் தொந்தரவு. எனவே மலையில் பிழைக்கிறவர் எவரும் கதையில் பொருட்டில்லை. துரத்தி வருகிறவர்களும் கீழேயிருந்துதான் வருகிறார்கள். விளிம்புநிலை மனிதனைப் பற்றிய ஒரு படம், அவனுக்கு அடைக்கலம் தேட இன்னொரு விளிம்பைக் காலி செய்துகொள்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. திட்டமிடாமலே நடப்பதால்தான் அது கருத்தியல்.

அந்தக் குகைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'பிசாசின் சமையலறை'. பாண்டவர்கள் சமைத்த இடம் என்று உள்ளூர்க் கதை ஒன்றும் உண்டு. 'குணா'வுக்கு முதலில் யோசித்த தலைப்பு 'மதிகெட்டான் சோலை'. எதிர்மறையாக இருக்கிறது என்று கைவிடப்பட்டது. மதிகெட்டான் சோலை பழனிமலையில் உள்ள காட்டின் பெயர். உள்ளே போனவன் திசை தெரியாமல், புத்தி கலங்கித் திரிவான் என்று சொல்லும் பெயர். மலைக்காரர்கள் வைத்த பெயர் எப்படி இருக்கிறது பாருங்கள். அது ஓர் எச்சரிக்கைப் பலகை. 'பிசாசு' என்று வெள்ளைக்காரன் வைத்ததிலும் கூட ஒரு பயம் இருந்தது. 'குணா குகை' என்ற பெயரிலோ பயம் முழுக்க நீங்கி அழைப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. 'வா, இங்கேதான் அவர்கள் காதலித்தார்கள்.' பாறைகளுக்கு இடையே ஆழம் தெரியாத பிளவுகள். படத்துக்குப் பிறகு கூட்டம் பெருகியது. விழுந்து செத்தவர்கள் பலர். வனத்துறை கம்பிவேலி போட்டது. எச்சரித்துக்கொண்டிருந்த ஒரு பெயர் போய் அழைக்கிற பெயர் வந்தால் அதற்கு விலை உண்டு.

2006ல் கொச்சிப் பக்கம் மஞ்ஞும்மல் ஊரிலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் அப்படி விழுந்தார். கூட வந்த ஒருவர் கயிற்றில் இறங்கி உயிரோடு தூக்கி வந்தார். அதற்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. பதினெட்டு வருஷம் கழித்து, 2024 பிப்ரவரியில் அது சிதம்பரம் இயக்கிய மலையாளப் படமாக வந்து, 200 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மலையாளப் படமாயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் ஒரு நேரடி மலையாளப் படம் இப்படி ஓடியதே இல்லை. காரணம் ரகசியமில்லை. குகைக்குள்ளிருந்து நண்பன் வெளியே வரும் நேரத்தில் அந்தப் பழைய பாட்டு ஒலிக்கிறது. ஆணும் பெண்ணுமாகப் பாடிய காதல், ஒரு பிரதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, கூலிவேலைப் பையன்களின் நட்பாகிவிடுகிறது. அரங்கம் அழுதது, நானும்தான். (இளையராஜா அந்த மே மாதம் உரிமை கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டார். பாட்டுக்கு உரிமையாளர் உண்டு, நோட்டீஸ் விடலாம். பெயரை இழந்த மலை யாருக்கு நோட்டீஸ் விடும்?)

இந்தப் படத்தை நான் 'குணா'வைவிட ஒரு படி மேலே வைப்பேன், ஒரு விஷயத்தில். குகை இங்கே அழகான இடம் இல்லை. ஆளைத் தின்னும் குழி. அதனுள் விழுந்தவர்களைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் பேசுகிறார்கள். உதவி கேட்டுப் போகும் பையன்களைப் போலீஸ் அடிக்கிறது. கருப்பொருள் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. ஆனால் பலன்? குகையின் உட்புறத்தைப் பெரும்பாவூரில் செட் போட்டே எடுத்திருந்தார்கள். சனங்களோ நிஜக் குகையைப் பார்க்க மலைக்கு ஏறினார்கள். வேலி தாண்டியவர்கள் கைதான செய்தியும் வந்தது. அதே மே மாதம் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது.

இந்தப் படத்தை ஒட்டி ஜெயமோகன் எழுதிய காட்டமான பதிவையும் அதற்குக் கேரளத்திலிருந்து வந்த எதிர்வினைகளையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குடித்துவிட்டுக் காட்டில் புட்டியை உடைக்கிறார்கள், யானையின் காலில் குத்துகிறது என்ற அவருடைய குற்றச்சாட்டில் பொருளாதாயமான ஓர் உண்மை இருந்தது. அதை ஓர் இனத்தின் குணமாகப் பேசப்போக, விவாதம் தமிழன் - மலையாளி சண்டையாகி, மலை வழக்கம்போல நழுவிப் போய்விட்டது. புட்டியை விற்றது யார், அள்ளுவது யார் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது 1991க்கே திரும்ப வேண்டும். குகைக்குள் அந்தப் பாட்டைப் படமாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, செயின்ட் மேரீஸ் சாலையில் ஓர் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்கிற ஆலை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய தொழிலை 1983ல் இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தது பாண்ட்ஸ் நிறுவனம். ஆமாம், நம்முடைய பாண்ட்ஸ் பவுடர்தான். கல்யாண வீட்டிலும் சினிமா இடைவேளையிலும் மணத்த அதே பெயர். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும்; கண்ணாடியும் வரும்; ஆனவை பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போகும். மலையில் தங்கியது இரண்டு: கூலி, கழிவு. 1998ல் பாண்ட்ஸ் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது.

சுற்றுலா ஊரில் வேறு வேலை என்ன கிடைக்கும்? ஓட்டல், குதிரை, சாக்லேட் கடை, சீசன் முடிந்தால் சும்மா. நிரந்தரச் சம்பளம் தருகிற ஆலை என்றால் போகத்தானே செய்வார்கள். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். நிறமில்லை, வாசனையில்லை. மூச்சு வழியே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். கை நடுங்கும், மறதி வரும், ஈறு கெடும். உலகத்துக்கு இது புதிதல்ல. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது 1956ல். அங்கே மீன் வழியாக வந்தது, இங்கே மூச்சு வழியாக. ரசாயன வடிவமும் வேறு. ஆனால் ஒரு கம்பெனி, அதை நம்பிய ஒரு சின்ன ஊர், வாய் திறந்தால் பிழைப்பு போகும் என்ற பயம் என்கிற அமைப்பு ஒன்றுதான். மினமாட்டாவுக்கு இஷிமுரே மிச்சிகோ கிடைத்தார். 1969ல் வந்த அவருடைய நூல் வழக்குமன்றத்துக்கு முன்னால் இலக்கியத்தில் நியாயம் கேட்டது. கொடைக்கானல் ஆலைக்காரர்களைப் பற்றி அப்படியொரு தமிழ் நாவல் என் வாசிப்பில் தட்டுப்படவில்லை. குறிஞ்சி பூத்தால் நாம் கவிதை எழுதிவிடுகிறோம். 2018ல் பூத்தபோதும் எழுதினோம், 2030லும் எழுதுவோம்.

2001 மார்ச் 7ஆம் தேதி, ஊர்க்காரர்களும் தொழிலாளர்களும் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் சேர்ந்து மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையை உலகத்துக்குக் காட்டினார்கள். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, 7.4 டன், சாக்கில் கட்டி, திறந்தவெளியில். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மூன்றாம் உலகத்துக்கு வந்த விஷம் வந்த வழியே போனது, நம் சூழல் இயக்க வரலாற்றில் கொண்டாடத்தக்க ஒரு நாள். 2006ல் அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஹைதராபாத் ஆய்வகத்தார் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். படகு சவாரிப் படங்களில் வருகிற அதே ஏரி. அதே ஆண்டு முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். தங்கள் நோய்க்கும் சாவுகளுக்கும் ஆலையின் பாதரசமே காரணம் என்றார்கள். அப்படி ஒரு தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது நிறுவனம். வழக்கு நடந்தது. வருஷங்கள் போயின. பத்திரிகைகளுக்கு விஷயம் பழசாகிவிட்டது.

அந்த நிலையில்தான் 2015 ஜூலை 30 அன்று யூடியூபில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு பாட்டு வந்தது. 'கொடைக்கானல் வோன்ட்'. பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். போபால் விஷயத்தில் டௌ கம்பெனிக்கு எதிராக ஏற்கனவே ராப் பாடியவர், விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். வெட்டிவேர் கலெக்டிவும் ஜட்கா அமைப்பும் சேர்ந்து வெளியிட்டார்கள். மெட்டு சொந்தமில்லை, அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் 2014ஆம் ஆண்டுப் பாட்டான 'அனகோண்டா'வின் மெட்டு. (அந்தப் பாட்டே 1992ல் வந்த இன்னொரு பாட்டிலிருந்து எடுத்தாண்டதுதான். வெகுசனப் பண்பாட்டில் மூலம் எது என்று தோண்டிக்கொண்டே போகலாம்.) நிக்கி மினாஜ் அதைத் தன் ட்விட்டரில் பகிர, சில வாரங்களில் முப்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். யூனிலீவரின் உலகத் தலைவர் பால் போல்மன் ட்விட்டரில் வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இயக்க நண்பர்கள் சிலருக்கு இந்தப் பாட்டின் மேல் ஒரு முகச்சுளிப்பு உண்டு. இங்கிலீஷ் பாட்டு, மெட்ரோ நகரத்துப் படித்த வர்க்கம், என்ஜிஓ காசு, 'லைக்' போட்டால் போராட்டமா என்பார்கள். இதில் பாதி நியாயம். மூஞ்சிக்கல்லில் தெருமுனையில் நின்ற ஒரு தொழிலாளிக்கு அந்தப் பாட்டின் வார்த்தை ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் அது அவரிடம் பேச வந்த பாட்டு இல்லை. லண்டனில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழ வேண்டிய பாட்டு. தன் பொருளை விற்க எந்தப் பண்பாட்டு மொழியை ஒரு கம்பெனி பயன்படுத்துகிறதோ, அதே மொழியில், அதே துள்ளலில், அதே மூன்று நிமிடத்தில் அதன் பெயரை இழுத்துச் சந்தியில் நிறுத்துவது. பிராண்ட் என்பது பெயர்தானே. மலையிலிருந்த பெயர்களை அழித்து வந்த ஒரு வரலாற்றில், இது பெயரைத் திருப்பி அடித்த தருணம்.

திணைக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகிறது. வெகுசனப் பண்பாட்டில் இந்த மலையின் 'செய்தி', அதாவது தொழில், இத்தனை பேர் காதில் விழுந்தது இதுதான் முதல் முறை. இதற்கு முன் அது தொழிலாகவும் தெரியவில்லை, செய்தியாகவும் தெரியவில்லை. பறை என்று தொல்காப்பியர் சொன்னதற்கும் இங்கே ராப் என்ற வடிவம் கிடைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்று நாம் படித்ததெல்லாம் வேட்டையையும் வெறியாட்டையும் அறிவிக்கும் சத்தம். அழகு காட்டுகிற வாத்தியம் இல்லை.

பாட்டுதான் வென்றது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இன்னொரு தொன்மம். பதினான்கு வருஷம் ஊர்வலம் போனது, மருத்துவச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தது, மதுரைக்கும் சென்னைக்கும் பஸ் ஏறியது எல்லாம் அந்தத் தொழிலாளர்கள். காய்ந்த விறகு இருந்ததால் தீ பற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்று சொல்லித்தான் தந்தது, தவறை ஒப்புக்கொண்டல்ல. 'மனிதாபிமானம்' என்ற சொல்லை நாம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டும். உரிமையாகக் கேட்டதைக் கருணையாக மாற்றித் தரும் சொல் அது. ஆனாலும் நோயோடு வீட்டில் கிடப்பவருக்கு அந்தச் சொல்லாராய்ச்சியைவிடப் பணம் முக்கியம். அவர்கள் கையெழுத்துப் போட்டது சரி என்றே நினைக்கிறேன்.

தொழில் ஓரளவு பேசப்பட்டாயிற்று. நீர் பாக்கி இருக்கிறது, மண் பாக்கி இருக்கிறது. ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்தால் போதும் என்று வைக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை ஏற்றது. கம்பெனியின் தாய்நாடான பிரிட்டனில் குடியிருப்புப் பகுதிக்கு இதைவிடப் பல மடங்கு கறாரான அளவு இருக்கிறது, கறுப்புத் தோலுக்கு ஓர் அளவு வெள்ளைத் தோலுக்கு ஓர் அளவா என்று இயக்கத்தார் கேட்டார்கள். மண்ணை ரொம்பத் தோண்டினால் மரங்களும் சரிவும் போய்விடும் என்பது எதிர்வாதம். அதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஆனால் யார் லாபத்துக்காக அந்தச் சரிவில் ஆலை வந்தது என்பதை மறந்துவிட்டுத்தான் அதைக் கேட்க முடிகிறது. 2018ல் சோஃபியா அஷ்ரஃபும் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து, ராப்பும் கர்நாடக இசையுமாக 'கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்' என்று இரண்டாவது பாட்டைக் கொண்டுவந்தார்கள். முதல் பாட்டு பரவிய மாதிரி இது பரவவில்லை. நஷ்டஈடு என்றால் மனித முகம் இருக்கிறது. மில்லிகிராமுக்கு முகம் இல்லை. அதற்குத் தாளம் போடுவது கஷ்டம்.

ஆலை நின்ற மேட்டுக்குக் கீழே இருப்பது பாம்பார்ச் சோலை. அந்தத் தண்ணீர் இறங்கி, கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் பக்கம் சமவெளிக்குப் போகிறது. கோடை விடுமுறையில் கும்பக்கரையில் நல்ல கூட்டம். மேலே என்ன இருந்தது என்று அங்கே எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.